புதன்கிழமைக்கு ஓர் ஆள்

...இரண்டு நிமிடம், இரண்டே நிமிடம், அதற்குள் ஒரு மனுஷி என்னத்தைச் சொல்லி முடிக்க முடியும், பேச்சு என்ன ரத்தமா, கையை இறுக்கி மடக்குங்கள் என்றதும் குழாயில் வந்து நிறைவதற்கு, என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அவள், ஞாயிற்றுக்கிழமை காலை, இளைஞர் குழுவின் ஹாலில், வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்றில். ரத்தம் எடுப்பது அவள் வேலை, பரிசோதனைக் கூடத்தில், அதனால் வயதில் பெரியவர்களுக்கும் சின்னவர்களுக்கும் அவள் லேப் அக்காதான். எதிரே தலைவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், வாழ்நாளில் பாதியை மற்றவர்கள் ஓட்டுகிற வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து தன் காலடியில் இருக்கிற இன்னொரு பிரேக்கை மிதித்தே கழித்தவர், அந்தக் கால் இங்கே வந்தும் சும்மா இருப்பதில்லை, யாராவது கொஞ்சம் நீட்டிப் பேசினால் போதும், வலது பாதம் தானாகத் தரையை அழுத்த ஆரம்பிக்கும், அவர் முகத்தைப் பார்க்காமல் அந்த ஷூவைப் பார்த்தே எல்லோரும் பேச்சைச் சுருக்கிக்கொள்வார்கள். அதையும் மீறினால் இருக்கவே இருக்கிறது கைபேசி. லாரி பின்னால் வரும்போது அடிக்குமே பீப் பீப் என்று, அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார், இரண்டு நிமிடம் ஆனதும் அது அடிக்கும், பேசிக்கொண்டிருந்தவர் நிஜமாகவே பின்னால் ஏதோ வண்டி வருகிறது என்பதுபோல நாற்காலியை நகர்த்திக்கொள்வார். சிரிப்பார்கள். அவளும் சிரித்திருக்கிறாள், முதல் ஒன்றிரண்டு கூட்டங்களில். இன்று சிரிப்பு வரவில்லை, இன்றைக்குப் பேச வேண்டிய விஷயங்களில் நான்காவதாக ஒரே ஒரு வார்த்தை, புதன்கிழமை. அதற்குப் பிறகு டி-ஷர்ட்டின் நிறம்.

பழைய தலைவர் இருந்த காலத்தில் கூட்டம் என்றால் சந்தைக்கடை, ஒருவர் பந்துவலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது அவர் மருமகளின் பிரசவத்தில் போய் முடியும், அதை யாரும் மறுக்கவில்லை, இவர் வந்து எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார், அதையும் மறுக்கவில்லை. சொன்ன நேரத்துக்கு ஆரம்பம், ஆளுக்கு இரண்டு நிமிடம், இவையெல்லாம் தேவலாம், ஆனால் அந்த மூன்றாவது விதி... சொன்னவரே செய்ய வேண்டும். யார் ஒரு குறையைச் சொல்கிறாரோ அதைச் சரிசெய்கிற பொறுப்பு அவருடையது, சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிற வழக்கம் ஒழியட்டும் என்றார், எல்லோரும் கைதட்டினார்கள், என்ன அருமையான யோசனை. முதல் பலி தையல்கடை அம்மாள், திரைச்சீலை கிழிந்திருக்கிறதே என்று வாயைத் திறந்தார், ஒரு மாதம் உட்கார்ந்து அத்தனை ஜன்னலுக்கும் தைத்துக் கொடுத்தார், அதற்குப் பிறகு அந்த அம்மாள் கூட்டத்துக்கு வந்தால் கூரை இடிந்து தலையில் விழுந்தாலும் அழகாக விழுகிறது என்பார். அதோடு எல்லோருக்கும் வாய்க்குப் பூட்டு. பாத்ரூம் தாழ்ப்பாள் போன மழைக்காலத்தில் உடைந்தது, உடைந்தது என்று சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை, உள்ளே போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், தலைவர் உட்பட, அவருக்குக் குரல் நன்றாகவே இருக்கிறது. பிளம்பர் அண்ணனைக் கேட்டால் அது தச்சு வேலை, நான் தண்ணி வேலை என்கிறார். இதுதான் ஒழுங்கான கூட்டம். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, யாரும் ஒன்றும் சொல்லாவிட்டால் முடியாமல் என்ன செய்யும்.

பிளம்பர் அண்ணன்தான் முதலில் பேசினார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, இத்தனை நாள் புதன்கிழமை சாயங்காலம் ஹாலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர் ஒருவர்தான், இப்போது பெரிய கட்டட வேலை ஒன்று கிடைத்திருக்கிறது, ஊர்க்கோடியில், வாரநாளில் இருட்டுவதற்குள் திரும்ப முடியாது. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார், அவள் பக்கம் பார்க்கவில்லை, பார்க்காமல் இருந்ததே அவருக்கு எல்லாம் தெரியும் என்று காட்டிக்கொடுத்தது. நல்லவேளை வேறு யாருக்கும் அதைப் படிக்கத் தெரியாது. அவருக்கு மட்டும்தான் தெரியும், இங்கே இருக்கிற பெரியவர்களில் அவருக்கு மட்டும், புதன்கிழமை தோறும் வருகிற பிள்ளைகளில் ஒருவன் அவளுடைய மகன் என்று. மற்றவர்கள் கேட்கிறபோதெல்லாம், பையன் என்ன பண்றான், படிக்கிறானா, என்று கேட்கிறபோதெல்லாம், படிக்கிறான் என்று ஒரே வார்த்தையில் அடித்துவிடுவாள், அடுத்த கேள்வி வருவதற்குள் வேறு பேச்சு. படிக்கிறானாம். பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருஷம் ஆகப் போகிறது, சண்டை இல்லை, தோல்வி இல்லை, காதல் கீதல் ஒன்றும் இல்லை, அப்படி ஏதாவது இருந்திருந்தால்கூடப் பிடித்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கும், ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான், அடுத்த நாளும் இல்லை. டாக்டர், மாத்திரை, இன்னொரு டாக்டர். சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்து, அரை மணி கழித்துப் போய், எவ்வளவு சாப்பிட்டிருக்கிறான் என்று தட்டைப் பார்த்து, பிறகு கதவைக் கொஞ்சமாகத் திறந்து, முகத்தைப் பார்த்து, எப்படி இருக்கே கண்ணா என்று கேட்டு, ம் என்று ஒரு சத்தம் வாங்கிக்கொண்டு... அவன் அப்பா வேறு, விடு, தானா சரியாகும், விடு என்று, எதை விடுவது, எப்படி விடுவது, விட்டுவிட்டு அவரைப் போல டிவியில் செய்தி பார்க்கச் சொல்கிறாரா. புதன்கிழமை அவளுக்கு மாலை ஷிஃப்ட். ஒரு புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது வாசலில் அவன் ஷூ கிடந்தது, ஈரமாக, அடியில் மண்ணோடு. அந்த மண்ணைப் பார்த்து அவள் அழுத அழுகை. மறுநாள் பிளம்பர் அண்ணன் லேபுக்கு சர்க்கரை டெஸ்டுக்கு வந்தவர் கையை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார், அக்கா, உங்க பையன் நேத்து ஹாலுக்கு வந்தான், நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க, நீங்களும் ஒண்ணும் கேக்காதீங்க. அவள் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. வாரம் தவறாமல் ஷூவை மட்டும் பார்த்துக்கொள்வாள்.

அந்தப் புதன்கிழமையைத்தான் எடுத்துவிடலாம் என்கிறார் மருந்துக்கடைக்காரர். குழுவுக்குள் வந்து நாலைந்து மாதம்கூட இருக்காது, அதற்குள் அத்தனை விஷயத்திலும் அபிப்பிராயம், கடையில் சீட்டைப் பார்த்து இந்த மாத்திரை இல்லை அந்த மாத்திரை இருக்கிறது என்கிற அதே குரலில், நான் போன புதன்கிழமை நேர்லயே போய்ப் பார்த்தேன் சார், இருந்து பார்த்தேன், என்ன நடக்குதுன்னு கேட்டீங்கன்னா ஒண்ணும் நடக்கல. ஒரு விளையாட்டு இல்ல, ஒரு பயிற்சி இல்ல. ரெண்டு பேர் போன் பாக்கிறாங்க, ஒருத்தி தரையில படுத்துத் தூங்கறா, ஒருத்தன் பாவம், சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான். சுவத்தைப் பாக்கறதுக்கு ஹால் எதுக்கு சார், அவன் வீட்ல சுவர் இல்லையா. சிரித்தார்கள். தலைவர் சிரித்தார், தையல்கடை அம்மாள் சிரித்தார், பிளம்பர் அண்ணன் மட்டும் கைவிரலில் ஒட்டியிருந்த ஏதோ வெள்ளைப் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அவளுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை எரிந்தது. என் பிள்ளையடா அது. என் பிள்ளை, சுவரைப் பார்க்கிறானாம், வீட்டில் சுவர் இருக்கிறதடா, நாலு சுவர் இருக்கிறது, அதைவிட்டு எழுந்து ஷூ மாட்டி, படி இறங்கி, தெருவைக் கடந்து, ஆட்களைக் கடந்து, இன்னொரு சுவரைப் பார்க்க வந்திருக்கிறான், அது எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியுமா, நீ பாவம் என்கிறாய், உன் பாவத்தைக் கொண்டுபோய் உன் இருமல் மருந்தில் கலக்கு. அந்த ஆளின் கை, மணிக்கட்டுக்கு மேலே நரம்பு புடைத்துக்கொண்டு தெரிகிற கை, கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம், அவ்வளவு சுலபமான நரம்பு, இன்றைக்கு மட்டும் ஒரு ஊசி கையில் இருந்திருந்தால் அவருக்கு எவ்வளவு கஷ்டமான நரம்பு என்று காட்டியிருப்பாள். சொன்னால் என்னவாகும், அவன் என் மகன் என்று சொன்னால் சிரிப்பு நிற்கும், எல்லோர் முகமும் உச் கொட்டுகிற முகமாக மாறும், அடுத்த புதன்கிழமைக்குள் விஷயம் தெருவெல்லாம் போய்விடும், ஆளுக்கு ஒரு டாக்டர் பெயர் சொல்வார்கள், எவளாவது ஒருத்தி அவனை வழியில் நிறுத்தி, தம்பி, அம்மா பாவம் இல்லையா என்பாள். அவ்வளவுதான், அதோடு ஷூ அலமாரிக்குள் போய்விடும்.

சரி, இளைஞர்கள் என்ன நினைக்கிறாங்க என்று தலைவர் கேட்டார், கேட்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது, அதனால் கேட்டார். இளைஞர் குழு என்று பெயர், சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப்பேர் சர்க்கரைக்காரர்கள், இளைஞர்களுக்கென்று ஒரே ஒரு நாற்காலி, அதில் ஒரு பெண், சுருட்டை முடிக்காக எல்லோரும் ஸ்பிரிங் என்று கூப்பிடுகிற பெண், எல்லாக் கூட்டத்துக்கும் வருவாள், எல்லாக் கூட்டத்திலும் நகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். புதன்கிழமை வேணும் என்றாள். எதுக்கும்மா. சும்மா. சும்மான்னா? சும்மான்னா சும்மாதான் சார். மருந்துக்கடைக்காரர் இரண்டு கையையும் விரித்தார், நான் சொல்லலையா என்கிற மாதிரி. தலைவரின் ஷூ தரையை அழுத்த ஆரம்பித்தது, இந்தப் பெண்ணுக்கு இரண்டு நிமிடத்தில் கால்வாசிகூட ஆகவில்லை, அதற்குள் பிரேக், சின்னப் பெண் என்றால் பிரேக்கும் சீக்கிரம் பிடிக்கும் போல. ஆனால் ஸ்பிரிங் ஷூவைப் பார்க்கவில்லை, நகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் தொடர்ந்தாள். அங்க யாரும் எதையும் கேக்க மாட்டாங்க சார். வீட்ல ரூம்லருந்து வெளிய வந்தா ஒரு முகம் நிக்கும். நான் இன்னைக்கு நல்லா இருக்கேனா இல்லையான்னு பாக்கிற முகம். அதுக்காகவே நல்லா இருக்கிற மாதிரி வச்சுக்கணும். ஹால்ல அந்த முகம் இல்ல, அவ்வளவுதான். பிளம்பர் அங்கிள் எங்களைப் பாக்கக்கூட மாட்டார், எதையாவது கழட்டிக்கிட்டே இருப்பார். சொல்லிவிட்டு மறுபடியும் நகம். யாரைப் பற்றிச் சொல்கிறாள், அவள் வீட்டில் அவள் அம்மாவா, பாவம் அந்தப் பொம்பளை, பெற்ற வயிறு பார்க்காமல் என்ன செய்யும், என்று நினைத்துக்கொண்டே லேப் அக்கா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், இதெல்லாம் இந்தத் தலைவருக்கு எங்கே புரியப் போகிறது என்று அப்போதும் கோபம் அவர் மேல்தான்.

நல்ல பாயிண்ட், என்றார் தலைவர். நல்ல பாயிண்ட் என்றால் முடிந்தது என்று அர்த்தம். ஆனா ஆள் வேணுமே, பெரியவங்க ஒருத்தர் இல்லாம ஹாலைத் திறந்துவிட முடியாது, யாராவது எடுத்துக்கிறீங்களா? தையல்கடை அம்மாள் தான் தைத்த திரைச்சீலையையே முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். யார் வாயைத் திறந்தாலும் அவர் தலையில், அது எல்லோருக்கும் தெரியும், புதன்கிழமை இருக்கட்டுமே என்று ஒருவர் சொன்னால்கூட அவர்தான் சாவியோடு உட்கார வேண்டும், இந்த விதி செய்கிற வேலையைப் பார்த்தீர்களா, நல்லது என்று நினைப்பதைக்கூட மனுஷனை வாய்க்குள்ளேயே விழுங்க வைக்கிறது. அப்ப எடுத்துடலாம், யாருக்கும் ஆட்சேபணை... அவர் முடிக்கவில்லை, அவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள், தெரியாது. ஆட்சேபணை இருக்கு சார். சொல்லுங்கக்கா, என்று கைபேசியைத் தட்டினார். நீங்க முதல்ல அதை ஓரமா வைங்க. எங்களுக்கு ரெண்டு நிமிஷம் போதாது, நாங்க என்ன உங்ககிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கவா வந்திருக்கோம். என்ன நடக்குது, என்ன நடக்குதுன்னு கேக்கறீங்க, எங்கயாவது ஒரு இடத்தில ஒண்ணும் நடக்காம இருக்கக் கூடாதா, அந்தப் பிள்ளைங்களுக்கு வாரம் பூரா ஏதாவது நடந்துக்கிட்டேதானே இருக்கு. ஒரு பிள்ளை சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தா அது நல்லா இருக்கிறதனால உக்காந்திருக்கு, இல்லேன்னா எழுந்து போயிருக்கும், இதுகூடத் தெரியாம நமக்கு எதுக்கு இளைஞர் குழு, முதியோர் குழுன்னு போர்டை மாத்துங்க. குரல் உடைந்தது, உடையக் கூடாது, உடைந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் இன்னும் சத்தமாக, பாத்ரூம் தாழ்ப்பாள் உடைஞ்சு எத்தனை நாளாச்சு, எல்லாரும் பாட்டுப் பாடிக்கிட்டுத்தானே இருக்கீங்க, ஏன் ஒருத்தரும் சொல்லல, சொன்னா செய்யணும், அதான், நல்லா நடத்துறீங்க கூட்டம். பீப் பீப் என்று அடித்தது. அடிக்கட்டும். லாரி வரட்டும், ஏற்றிவிட்டுப் போகட்டும், அவள் அந்தச் சத்தத்துக்கு மேலேயே நின்று பேசினாள், புதன்கிழமையை எடுத்தீங்கன்னா நானும் இல்ல, என் நாற்காலியும் இல்ல.

தலைவர் சிரித்தார், கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல், கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். அக்கா இவ்வளவு சொல்றாங்கன்னா விஷயம் இருக்கு, புதன்கிழமை இருக்கட்டும் என்றார், சொன்னவங்களே செய்வாங்க, என்னக்கா, புதன்கிழமை உங்க பொறுப்பு, தாழ்ப்பாளும் சேத்துதான். எல்லோரும் கைதட்டினார்கள், நிம்மதியான கைதட்டல், தங்கள் தலை தப்பித்தவர்களின் கைதட்டல். அவளும் தலையாட்டிவிட்டாள். ஷிஃப்ட்டை மாற்றிக்கொள்ளலாம், மேலாளரிடம் கெஞ்சினால் வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிக்கொள்ளலாம், புதன்கிழமை பிழைத்தது, என் பிள்ளையின் புதன்கிழமை, ஒரு ஆள் ஆட்டி வைக்கிற ஷூவுக்குக் கீழே நசுங்காமல் பிடுங்கிக் கொடுத்துவிட்டேன் என்று உட்கார்ந்தபோது உள்ளே ஒரு வெறி கலந்த சந்தோஷம், பக்கத்தில் இருந்தவரின் முதுகில் ஓங்கி ஒன்று வைக்கலாம் போல. அப்போதுதான் ஸ்பிரிங்கைப் பார்த்தாள். நன்றி சொல்கிற முகத்தை எதிர்பார்த்துத்தான் பார்த்தாள். அந்தப் பெண் நகத்தைப் பார்க்கவில்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ கீழே விழுந்து உடைவதைப் பார்க்கிற மாதிரி. ஏன் இப்படிப் பார்க்கிறாய், உனக்காகத்தானே... டி-ஷர்ட் நீலமா பச்சையா என்று தலைவர் ஆரம்பித்துவிட்டார். நீலம், பச்சை, அடர் நீலம், அடர் நீலம் சூடு என்று யாரோ. பிளம்பர் அண்ணன் மெதுவாக நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தி, இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றிக் கையில் வைத்தார். அக்கா, பெருசா ஒண்ணும் பண்ண வேணாம், திறந்து வச்சுட்டு உக்காந்திருந்தா போதும். யார் வந்தாலும் நிமிர்ந்து பாக்காதீங்க. இன்னும் மெதுவாக, ஆனா நீங்கன்னு தெரிஞ்சா தம்பி வருவானா அக்கா, என்றார்.

வருவானா. என்ன கேள்வி இது, ஏன் வரமாட்டான், நான் என்ன பேயா, நான் பெற்றவள்... வரமாட்டான். அவளுக்கு அது உடனே தெரிந்துவிட்டது, சாவியின் சூடு கையில் ஆறுவதற்குள் தெரிந்துவிட்டது. வாசலில் அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே திரும்பிப் போவான், அல்லது வாசல்வரைகூட வரமாட்டான், இனிமேல் லேப் அக்காதான் என்று இந்தப் பெண் சொல்வாள், சொல்லாமல் எப்படி இருப்பாள், ஷூ அலமாரிக்குள் போகும். அந்த முகம் என்றாளே இந்தப் பெண், யாரோ ஒரு பொம்பளை என்று நினைத்து நான் பாவப்பட்டேனே, வாரா வாரம் இங்கே படுத்துத் தூங்குகிறவர்களும் போன் பார்க்கிறவர்களும் அவனும் எல்லாம் அதைத்தானே பேசிக்கொண்டிருப்பார்கள், அல்லது பேசாமலே அதற்காகத்தானே சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வருஷமாக அந்தக் கதவைத் திறந்து நான் பார்த்தது எதை, அவன் என் முகத்தில் பார்த்தது எதை. போதும், இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை, எழுந்து சொல்லிவிட வேண்டியதுதான், என்னால் முடியாது சார், வேறு யாராவது என்று... ஏன் முடியாது என்பார்கள். இப்பத்தானே அக்கா அவ்வளவு பேசினீங்க என்பார்கள். காரணம் சொல்ல வேண்டும், காரணத்தைச் சொன்னால் அவனைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் புதன்கிழமை போய்விடும், ஏற்றுக்கொண்டால் அவன் போய்விடுவான். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாட்டிக்கொள்கிற மாதிரி ஒரு விதியைப் போட்டு வைத்துவிட்டு அந்த மனுஷர் அடர் நீலத்துக்குக் கை தூக்கச் சொல்கிறார், அவளும் தூக்கினாள், பிறகு பச்சைக்கும் தூக்கினாள், யாரும் கவனிக்கவில்லை.

கூட்டம் முடிந்தது, சொன்ன நேரத்துக்கு. நாற்காலிகளை அடுக்குகிற சத்தம், ஒன்றன் மேல் ஒன்று, அவள் ஒவ்வொன்றையும் அறைந்து அறைந்து அடுக்கினாள், இந்த ஹாலில் இப்போதைக்கு அடிக்கக் கிடைத்தவை அவைதான். பக்கத்தில் யாரோ அடுக்கிக்கொண்டிருந்தார், பார்த்தால் மருந்துக்கடைக்காரர். போய்த் தொலையேன், ஆயிரம் இடம் இருக்கிறது. கோவிச்சுக்காதீங்கக்கா, நான் தப்பா ஒண்ணும் சொல்லல, என்றார். அவள் அடுத்த நாற்காலியை அறைந்தாள். அதுங்க மேல எனக்கென்ன கோவம், என்றார், அவருக்குப் பேச வேண்டும், கடையில் நின்றுகொண்டே பேசிப் பழகியவர், கேட்கிற ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் நிற்காது. நல்ல பிள்ளைங்கதான். அந்தச் சுவத்தைப் பாக்கிற பையன் இருக்கான் பாருங்க, நான் போய் ஒரு நாற்காலியைப் போட்டு உக்காந்து போன்ல கணக்குப் பாத்துக்கிட்டிருந்தேன், அவன் பாட்டுக்கு இருந்தான், நான் பாட்டுக்கு இருந்தேன், எனக்கு லேசா தும்மல், திடீர்னு எழுந்து வந்து, அங்கிள், ஃபேன் உங்களுக்கு அதிகமா இருக்கா, குறைக்கட்டுமான்னு கேக்கறான்.

அவள் கையிலிருந்த நாற்காலி கையிலேயே நின்றது. கேட்டானா. ஆமாக்கா. குறைச்சும் வச்சான். அப்புறம் எனக்குத் தங்கச்சி பொண்ணு கல்யாண விஷயமா ஒரு போன் வந்தது, நான் வெளிய வந்துட்டேன், பேர்கூடக் கேக்கல. ஃபேன் உங்களுக்கு அதிகமா இருக்கா, குறைக்கட்டுமா. எண்ணிப் பார்த்தாள், எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள், இத்தனை வார்த்தைகளை ஒன்றாகச் சேர்த்து அவன் அவளிடம் பேசி எவ்வளவு நாளாயிற்று. அவளுக்கு எது அதிகமாக இருக்கிறது என்று அவன் கேட்டதே இல்லை. கேட்கிற இடத்தை அவள் விட்டதே இல்லையோ, முந்திக்கொண்டு அவளே கேட்டுவிடுகிறாளே, எப்போதும், ஒவ்வொரு முறையும். இந்த ஆளிடம் போய்... பேர்கூடக் கேட்காத இந்த ஆளிடம், கல்யாண போன் வந்ததும் எழுந்துபோன இந்த ஆளிடம், பாவம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட்டு வந்த ஆளிடம். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, இதுவரை வந்ததையெல்லாம்விடப் பெரிய கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை, இவர் மேலா, அவன் மேலா, விடு விடு என்று சொல்லிச் சொல்லியே நியாயக்காரராகிவிட்ட அவன் அப்பா மேலா. மருந்துக்கடைக்காரர் அவள் கையிலிருந்த நாற்காலியை வாங்கி அடுக்கின்மேல் வைத்துவிட்டு, வரேன்க்கா என்று சட்டையைத் தட்டிக்கொண்டார். வாசல்வரை போய்விட்டார். கெஞ்ச வேண்டும் இவரிடம், இந்தச் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள் என்று, காரணம் சொல்லாமல் கெஞ்ச வேண்டும், பொய் ஏதாவது சொல்ல வேண்டும், கெஞ்சுகிற குரலாகவும் இருக்கக் கூடாது, ஏன் என்று யோசித்துவிடுவார், அக்கறை வந்துவிடும், அக்கறை வந்தால் போயிற்று. சார், என்றாள். அவர் திரும்பினார். ஒன்றுமில்லாத முகம், மாத்திரை இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற வெறும் முகம். புதன்கிழமை சாயங்காலம், என்று ஆரம்பித்தாள், எவ்வளவு முயன்றும் சாதாரணமாக வராத குரலில், உங்க கடையை யாராவது பாத்துப்பாங்களா?